ஊருணிச் சுவரில் படம் வரைந்தால் மக்கள் திரும்பிப் பார்ப்பார்களா?

"காரைக்குடியில் எங்கள் பகுதி ஊருணி குப்பைமேடாகக் கிடக்கிறது. படம் வரையத் தெரிந்த பிள்ளைகள் சிலர் இருக்கிறோம். சுற்றுச்சுவரில் ஓவியம் தீட்டி ஆட்களை ஊருணிப் பக்கம் வரவைக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் சுவரைக் கடைசிக்கு வையுங்கள், முதலில் வரத்துக்காலை, அதாவது ஊருணிக்கு மழைநீர் கொண்டுவரும் வாய்க்காலைக் கையில் எடுங்கள். படம் புதிதாக இருக்கும் மட்டும் நின்று செல்ஃபி எடுப்பார்கள். மழை பெய்தும் ஊருணிக்குத் தண்ணீர் வராவிட்டால் பழையபடி குப்பை விழும். செட்டிநாட்டில் ஓட்டுக்கூரை, வளவு (வீட்டின் உள்முற்றம்), தெருவோரக் கால், வரத்துக்கால், ஊருணி, கலுங்கு (நிறைந்த நீர் வழியும் இடம்), அடுத்த ஊருணி அல்லது கண்மாய் என எல்லாம் ஒரே ஓட்டம். தன் வீட்டுக் கூரைத் தண்ணீர்தான் அங்கே போய்ச் சேருகிறது என்பது தெரிந்திருந்தவரை ஊருணியைத் தங்களுடையதாக நினைத்தார்கள். அந்தத் தெரிதலை மீட்பதுதான் கலைஞர்களின் வேலை. இதைப் பொறியாளரைவிட நீங்கள் நன்றாகச் செய்யலாம்.

ஆனி, ஆடியில் ஆவணம் தேடுங்கள். ஊருணியின் சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, அதன் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) சுற்றியுள்ள எண்களின் புலப்படங்களையும் எடுங்கள். நகரப் பகுதி என்றால் நகர நில அளவைப் பதிவேடு, கிராமம் என்றால் அ-பதிவேடு என்னும் கிராம நிலப் பதிவேடு. அதில் 'வாரி', 'வாய்க்கால்', 'ஊருணி' என்று புறம்போக்காகப் பதிந்தவற்றை எல்லாம் ஒரே தாளில் ஒட்டிச் சேர்த்தால் வரத்துக்காலின் போக்கு தெரியும். 1:2000 அளவுகோலில் 1 செ.மீ. என்றால் தரையில் 20 மீட்டர். பழைய படங்களில் அளவு லிங்க்ஸில் இருக்கும். ஒரு லிங்க் ஏறத்தாழ 20 செ.மீ., நூறு லிங்க்ஸ் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. இதை மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் மொத்தமும் தப்பிப்போகும்.

பிறகு வரத்துக்காலோடு நடந்து பாருங்கள். வயதானவர் இருவர், கொத்தனார் ஒருவர், டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) ஒன்று கட்டாயம் வேண்டும். 30 மீட்டருக்கு 10 செ.மீ. சரிவு இருந்தால் நல்ல ஓட்டம், 6 செ.மீ. வரை ஒப்புக்கொள்ளலாம். டியூபில் காற்றுக்குமிழ் இருந்தால் அளவு பொய் சொல்லும், முதலில் தட்டி வெளியேற்றுங்கள். பெரும்பாலும் கால் அடைபடுவது ஒரே காரணத்தால்தான். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே மறுபடி மறுபடி தார் போட்டுச் சாலை உயர்ந்திருக்கும், குறுக்கே போகும் பாலக்குழாயின் வாய் மண்ணுக்குள் போயிருக்கும். தண்ணீர் வேறு வழி தேடிப் பள்ளத்தில் இருக்கும் வீடுகளுக்குள் நுழையும். அந்த வீட்டுக்காரர்கள்தான் உங்கள் முதல் கூட்டாளிகள். வரத்துக்கால் திறந்தால் அவர்களுக்கு உடனே லாபம்.

நடக்கும்போதே கழிவுநீர் எங்கெல்லாம் காலில் சேருகிறது என்று குறித்துவையுங்கள். அடைப்பு எடுக்கும் ஆர்வத்தில் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். அடுக்களைத் தண்ணீரும் கழிவறைத் தொட்டி வழிவும் கலந்த வரத்துக்காலை ஊருணிக்குத் திறந்துவிட்டால், வறண்ட ஊருணியைவிட மோசமான சாக்கடைக் குட்டை கிடைக்கும். ஒருமுறை அப்படி நாறிவிட்டால் மக்கள் அடுத்த அழைப்புக்கு வரமாட்டார்கள். அந்த இணைப்புகள் மாறும்வரை, ஊருணி வாயில் மடைப்பலகை போட்டு மூடியே வையுங்கள்.

ஆவணியில் கோலம். இந்த ஊர்ப் பெண்கள் நடுவீட்டுக்கோலம் போட்டுப் பழகியவர்கள், அந்தக் கையைத் தெருவுக்கு அழையுங்கள். பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, துணியில் நனைத்துப் பிழிந்தால் கோடு விழும் பதத்துக்குக் கரையுங்கள். வரத்துக்கால் புதைந்த தடத்தில், ஆவணத்தில் உள்ள அகலத்துக்கு இரண்டு இணைகோடுகள், நடுவே ஓட்டத்தின் திசைக்கு இழைகள். தார்ச்சாலையில் ஈரமாவு பிடிக்கும், மண் தெருவில் உலர்ந்த கோலமாவுதான். வண்டி ஓடத் தொடங்கும் முன் விடியலில் போடுங்கள். எனாமல் பெயின்ட் வேண்டாம். மழையில் கரைந்து காலோடு போகிற பொருள்தான் இதற்குச் சரி.

ஒரு எச்சரிக்கை. கோடு ஒரு வீட்டுத் திண்ணைக்கு அடியில் போய் மறையும். அங்கே நின்று வட்டம் போடாதீர்கள், படம் எடுக்காதீர்கள். மறுபக்கம் போய்த் தொடருங்கள். ஆக்கிரமிப்பைச் சொல்ல வேண்டியவர் சர்வேயர். கலைஞர்கள் கைகாட்டிய தெருவில் அதற்கப்புறம் ஒரு வீடும் கதவு திறக்காது.

கோலத்தோடு கூரைக் கணக்கையும் எழுதுங்கள். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை 1 லிட்டர். 500 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. பெய்தால் 25,000 லிட்டர். ஓடு உறிஞ்சுவதும் சிதறுவதும் போக 20,000 நிற்கும். ஒவ்வொரு வீட்டிலும் தூம்பு (கூரைத் தண்ணீர் வடியும் குழாய்) விழும் இடத்தில் அந்த வீட்டின் லிட்டர் கணக்கைச் சுண்ணாம்பில் எழுதுங்கள். இந்த எண்ணைப் போல மனதைப் பிடிக்கிற ஓவியம் வேறில்லை என்பது என் கருத்து. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளை விட்டுவிடாதீர்கள், கூரை அதிகம் அங்கேதான். சாவி வைத்திருப்பவரிடம் கேட்டுத் தூம்பில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குங்கள். பங்காளிகள் படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) திருவிழாவுக்கும் கூடும்போது உரிமையாளர்களைப் பார்த்துப் பேசலாம்.

கூட்டத்தை எந்த வீட்டிலும் எந்தக் கோயில் வாசலிலும் வைக்காதீர்கள். எல்லா ஊருணியிலும் எல்லாரும் எல்லாப் படித்துறையிலும் இறங்க முடிந்ததில்லை. அந்த நினைவு இன்னும் இருக்கிறது. பள்ளிக்கூட மைதானம் நல்லது.

தூர் எடுப்பது பற்றிச் சுருக்கமாக: அனுமதி வாங்காமல் ஒரு கூடை வண்டலும் எடுக்காதீர்கள். ஜேசிபியை இறக்கும் முன் ஐந்து இடத்தில் கடப்பாரையால் குத்திப் பாருங்கள். மேலே கறுத்த வண்டல், அதன் கீழே களிமண், அதற்கும் கீழே செம்மண் சரளை. களிமண் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். அதையும் வெட்டி எடுத்தால் தண்ணீர் நிற்காது. 'ஆழப்படுத்திய' ஊருணி மார்கழியிலேயே காய்வது இதனால்தான்.

எடுத்த மண்ணிலும் கலைக்கு வேலை இருக்கிறது. புரவி எடுப்புத் திருவிழாவுக்கு மண்குதிரை செய்கிற வேளார்களிடம் கொடுத்து, வரத்துக்கால் திரும்பும் இடங்களுக்கு அடையாளப் பலகைகள் சுட்டு வாங்குங்கள். சுண்ணாம்புக்கல் துணுக்கு இருந்தால் சுட்ட பிறகு ஈரம் குடித்து வெடிக்கும், ஆகவே மண்ணைக் கரைத்து வடிகட்ட வேண்டும். 2 செ.மீ. கனம் போதும். நிழலில் நன்றாகக் காயாமல் சூளையில் வைத்தால் சிதறும். ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அது வீட்டுக்குள் கால் பட்டுப் பட்டுப் பளபளப்பு ஏறும் சிமெண்ட் தரைக்கல். வெயிலிலும் மழையிலும் நிறம் வெளுக்கும்.

இனிச் சுவர். பழைய சுவர் செம்புறாங்கல் (நுண்துளைகள் கொண்ட செந்நிறக் கல்) என்றால் பிளாஸ்டிக் எமல்ஷனும் சிமெண்ட் பூச்சும் கூடாது. கல் குடித்த ஈரம் வெளியேற வழியின்றி, பெயின்ட் பொக்குளித்து உரியும், உப்புப் பூக்கும். சுண்ணாம்பு அடியுங்கள். 1 கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர். தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். ஆறவிட்டு வடிகட்டி, வெந்நீரில் கரைத்த பிசின் லிட்டருக்கு 4 கிராம் சேருங்கள். நிறத்துக்குக் காவியும் மஞ்சள் காவியும் நிலைக்கும். நிறப்பொடி சுண்ணாம்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் தொட்டவர் கையில் ஒட்டும். சுவரை நனைத்து, மெல்லிசாக மூன்று பூச்சு. என்ன வரைவது என்றால், நீங்கள் ஒட்டிச் சேர்த்த அந்த வரைபடத்தையே, தெருப் பெயர்களோடு.

படித்துறை ஓரம் ஒரு கல்லில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு வெட்டுங்கள். ஒரு ஏக்கர் ஊருணியில் ஒரு கோடு ஏறினால் சுமார் 4 லட்சம் லிட்டர். வாரம் ஒருமுறை அளவைப் படித்து டீக்கடைப் பலகையில் எழுதும் பொறுப்பைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். படியில் நின்றே படிக்கட்டும், தண்ணீருக்குள் இறங்கக் கூடாது.

மழைக்கு முன், புரட்டாசிக் கடைசியில், வரத்துக்கால் ஊருணியில் சேரும் இடத்தில் ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்தில் வண்டல் தொட்டியும், அதற்கு முன் பிளாஸ்டிக்கைப் பிடிக்கக் கம்பி வலையும் வையுங்கள். கழிவுநீர் இணைப்புகள் மாறியிருந்தால் மட்டுமே மடைப்பலகையைத் தூக்கலாம். ஐப்பசியின் முதல் மழை தெருவைக் கழுவிக்கொண்டு வரும். பலகையைப் போட்டே வைத்து அதைப் பக்கவாட்டில் வெளியே விடுங்கள். இரண்டாம் மழையில் தண்ணீர் தெளிந்து வந்ததும் தூக்குங்கள். ஊருணிக்கு மிக அருகில் குடியிருந்து, இரவு மழைக்கும் எழுந்து போகக்கூடிய இரண்டு பேரிடம் பலகையின் பொறுப்பைக் கொடுங்கள். ஒருவர் ஊரில் இல்லாத நாளில்தான் பெருமழை பிடிக்கும்.