நாத்தனாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, கிளினிக்குக்குக் கூட்டிப்போனால் போலீஸ் வருமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எடுத்துவிட்டேன், மற்றதெல்லாம் அவர் சொன்னதுதான்:

"மிஸ்ஸி அக்கா, என் வீட்டுக்காரரின் தங்கைக்கு 22 வயது. கல்யாணம் ஆகவில்லை, கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. இரண்டு மாதமாக நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அந்தப் பையன் இப்போது போனையே எடுப்பதில்லை. டவுனில் ஒரு கிளினிக்கில் கேட்டோம். கவுண்டரில் இருந்த பெண், இது நம் நாட்டில் சட்டவிரோதம், கல்யாண சர்ட்டிஃபிகேட் இருந்தால் கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார். டெலிகிராமில் ஒருவன் 350 வெள்ளிக்கு மாத்திரை தருகிறேன் என்கிறான். இந்தியாவில் 24 வாரம் வரை கலைக்கலாம் என்று ஒரு வீடியோ, அமெரிக்காவிலேயே தடை வந்துவிட்டது என்று இன்னொரு வீடியோ. எதை நம்புவது? போலீஸ் பிடிக்குமா? என் மாமியாருக்குத் தெரியாமல் முடியுமா?"

தங்கச்சி, முதலில் அந்த டெலிகிராம்காரனுக்குக் காசு அனுப்பாதே. இந்த வாரமே அவளை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போ. மீதியைப் பொறுமையாகப் படி.

அந்தக் கவுண்டர் பெண் சொன்னதையே பாரேன். சட்டவிரோதம் என்றால் கல்யாண சர்ட்டிஃபிகேட் எதற்கு? அது இருந்தால் மட்டும் குற்றம் குற்றமில்லாமல் போய்விடுமா? அவர் மேல் கோபப்பட வேண்டாம். இந்த விஷயத்தில் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்பவர்களுக்கே சட்டம் சரியாகத் தெரியாது. நான் நர்ஸாக வார்டில் இருந்த காலத்தில் டாக்டர்களே "இங்கே இதற்கு அனுமதி கிடையாது" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொல்லிவிட்டால் அவர்களுக்கு வேலை சுலபம்.

நம் நாட்டில் கருக்கலைப்பு தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவில் வருகிறது. கலைத்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். குழந்தை வயிற்றில் அசைய ஆரம்பித்த பிறகு என்றால் ஏழு ஆண்டு வரை. பெண் தானே கலைத்துக்கொண்டாலும் இந்தப் பிரிவு அவளுக்கும் பொருந்தும் என்று விளக்கமே போட்டிருக்கிறார்கள். இதுவரைக்கும் படித்துவிட்டு மூடுகிறவர்கள்தான் "சட்டவிரோதம்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதே பிரிவில் 1989இல் ஒரு விதிவிலக்கைச் சேர்த்தார்கள். பதிவு பெற்ற டாக்டர் ஒருவர், கர்ப்பம் தொடர்ந்தால் அந்தப் பெண்ணின் உயிருக்கு ஆபத்து, அல்லது அவள் உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ வரும் கேடு கலைப்பதால் வருவதைவிட அதிகம் என்று நேர்மையாகக் கருதிக் கலைத்தால், அது குற்றமாகாது. மனநலம் என்ற சொல் அதிலேயே இருக்கிறது. கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்று இல்லை, கணவன் கையெழுத்து என்று இல்லை, இத்தனை வாரம் என்றுகூட இல்லை.

ஆனால் இன்னொன்றையும் கவனி, இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்த விதிவிலக்கு பெண்ணுக்குக் கொடுத்த உரிமை இல்லை, டாக்டருக்குக் கொடுத்த பாதுகாப்பு. வேண்டும் என்று அவள் கேட்டால் போதாது, டாக்டர் அப்படிக் கருத வேண்டும். பலாத்காரத்தால் உண்டான கரு, குழந்தைக்குக் குறை, குடும்ப வறுமை, இதில் எதுவும் தனிக் காரணமாக எழுதப்படவில்லை. எல்லாமே அவள் உடலையும் மனதையும் என்ன செய்கிறது என்ற வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அதனால்தான் ஒரே பெண் ஒரு கிளினிக்கில் முடியாது என்று கேட்டுவிட்டு வந்து, நாலு கடை தள்ளி இன்னொரு கிளினிக்கில் சரி என்று கேட்கிறாள். என்னைக் கேட்டால் இது சரியான ஏற்பாடு இல்லை. காசும் விவரமும் இருக்கிற பட்டணத்துப் பெண்ணுக்கு இந்த விதிவிலக்கு கதவாகத் திறக்கிறது, தோட்டத்துப் பெண்ணுக்கு அப்படி ஒன்று இருக்கிறதென்றே யாரும் சொல்வதில்லை.

சரி, அந்த வீடியோக்கள். இரண்டுமே பொய் இல்லை, நம் நாட்டைப் பற்றியவை இல்லை, அவ்வளவுதான். இந்தியாவிலும் 312 என்ற அதே எண்ணில்தான் இந்தக் குற்றம் இருந்தது, ஏனென்றால் வெள்ளைக்காரன் 1860இல் அங்கே எழுதிய சட்டத்தைத்தான் இங்கேயும் கொண்டுவந்தான். அப்புறம் அவர்கள் 1971இல் கருக்கலைப்புக்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். 2021 திருத்தத்தில் 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும், சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை என்று ஆனது. 2022இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் கல்யாணம் ஆகாத பெண்களையும் அந்த 24 வாரத்துக்குள் சேர்த்தது. சிங்கப்பூரும் 1969லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டது, அங்கேயும் 24 வாரம். நாம் மட்டும் பழைய பிரிவை அப்படியே வைத்துக்கொண்டு அதில் ஓர் ஒட்டுப் போட்டோம். அமெரிக்காவில் 1973இலிருந்து நாடு முழுக்க அரசியலமைப்பு உரிமையாக இருந்ததை 2022 ஜூனில் அவர்கள் உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது, இப்போது மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. அதற்கும் உன் நாத்தனாருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இன்னொரு குழப்பம், "120 நாள்" என்பது. யாராவது உன்னிடமும் சொல்வார்கள். அது முஸ்லிம்களுக்காக தேசிய பத்வா மன்றம் சொன்னது. 120 நாளுக்குப் பிறகு தாயின் உயிருக்கு ஆபத்து போன்ற காரணம் இல்லாமல் கலைப்பது கொலைக்குச் சமம் என்பது அதன் முடிவு. தண்டனைச் சட்டத்தில் 120 நாள் என்று எதுவும் கிடையாது.

போலீஸ் பயம் பற்றி உன்னிடம் மழுப்ப விரும்பவில்லை. 2014இல் பினாங்கில் ஒரு நேப்பாளத் தொழிலாளிப் பெண், கிளினிக்கில் நடந்த சோதனையில் பிடிபட்டு, குழந்தை உயிரோடு பிறக்காமல் தடுப்பதைப் பற்றிய 315ஆம் பிரிவின் கீழ் சிறைத் தண்டனை பெற்றாள். பெண்கள் அமைப்புகள் ஓடிவந்து மேல்முறையீட்டுக்கு உதவின. ஆறு வாரம்தான் ஆகியிருந்தது, அவள் போனதோ கிளினிக்குக்குத்தான். பாஷை தெரியாது, வக்கீல் இல்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டாள். இப்படி நடப்பது அரிது, ஆனால் நடந்திருக்கிறது. அதனால் டாக்டர் தன் கருத்தையும் காரணத்தையும் மருத்துவக் குறிப்பில் எழுதும் இடத்துக்கே போக வேண்டும். பெயர் எழுதாதே, ரசீது கிடையாது, பின்வாசல் வழியாக வா என்று சொல்லும் இடம் வேண்டாம். சுவரில் மாட்டியிருக்கும் டாக்டரின் தொழில் சான்றிதழில் இந்த வருடம் போட்டிருக்கிறதா என்று பார். அதைப் பார்ப்பதில் வெட்கமே வேண்டாம்.

மாத்திரைக்காரனிடம் ஏன் போகக் கூடாது என்பதற்கும் இதுதான் முதல் காரணம். விதிவிலக்கு டாக்டருக்குத்தான். வீட்டுக் குளியலறையில் அவளே மாத்திரை போட்டுக்கொண்டால் அந்த விதிவிலக்கு அவளைக் காக்காது. இரண்டாவது, அவன் விற்பது என்ன என்று யாருக்குத் தெரியும்? முன்பு ஒரு பெண் எனக்குக் காட்டியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை, பிளாஸ்டிக் பையில், பேனாவால் "இரவு" என்று எழுதியிருந்தது. மருந்தின் பெயர் இல்லை, காலாவதி தேதி இல்லை. இங்கே பதிவான மருந்து என்றால் பெட்டியில் மால் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். கருக்கலைப்புக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்தும் மிஃபெப்ரிஸ்டோன், மிசோபிரோஸ்டால் என்ற இரண்டு மாத்திரைகளும், சரியாகக் கொடுத்தால் நல்ல மருந்துகள்தான், உலகச் சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது, ஆனால் நம் நாட்டுச் சந்தையில் அவை பதிவாகவில்லை. அதனால்தான் இந்தக் கள்ள வியாபாரம். மூன்றாவது, கரு கருப்பையில்தான் இருக்கிறதா, குழாயில் தங்கிவிட்டதா என்பது ஸ்கேனில்தான் தெரியும். குழாயில் இருந்தால் மாத்திரை அதைக் கலைக்காது. ரத்தம் கொஞ்சம் போகும், முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது குழாய் வெடிக்கும்.

பப்பாளிக்காய், அன்னாசி, எள்ளு, சீனர் மருந்துக் கடைக் கஷாயம், இதெல்லாம் அவள் ஏற்கனவே செய்து பார்த்திருப்பாள். திட்டாதே. இவற்றால் நாள்தான் போகும்.

நாள் முக்கியம். இரண்டு மாதம் தள்ளிப்போச்சு என்று நாம் சொல்வது டாக்டர் கணக்கில் எட்டு வாரமாகவும் இருக்கலாம், பன்னிரண்டைத் தாண்டியும் இருக்கலாம், ஏனென்றால் அவர்கள் கடைசியாக வந்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். அந்தத் தேதியை அவள் போனில் குறித்து வைக்கட்டும். பன்னிரண்டு வாரத்துக்குள் என்றால் உறிஞ்சி எடுக்கும் முறை, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். பழைய மாதிரி சுரண்டி எடுப்பது இப்போது தேவையில்லை, அதை மட்டுமே செய்கிறேன் என்று சொல்பவரிடம் ஏன் என்று கேள். வாரம் ஏற ஏற வேலையும் பெரிது, செலவும் பெரிது, செய்ய முன்வரும் டாக்டரும் குறைவு.

அரசாங்க ஆஸ்பத்திரியிலும் வழி இருக்கிறது. சுகாதார அமைச்சு 2012இல் தன் மருத்துவமனைகளுக்கு இதற்கென்றே வழிகாட்டி வெளியிட்டது. நிபுணர் பார்க்க வேண்டும், மனநல டாக்டரிடமும் அனுப்பலாம், அதனால் தாமதமாகும். ஆனால் காசில்லாதவளுக்கு அது பெரிய உதவி. சுங்கை சிப்புட்டில் ஆரம்பித்தால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். தனியார் கிளினிக் என்றால் ஸ்கேன், மருந்து, திரும்ப வந்து காட்டுவது எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முன்னாலேயே கேள். கவுண்டரில் கேட்காதே. டாக்டரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லி உள்ளே போங்கள்.

உள்ளே போனால் உன் நாத்தனார் பேசட்டும், நீ அல்ல. தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறாளா, வேலைக்குப் போக முடிகிறதா, செத்துவிடலாம் என்று தோன்றியதா, எல்லாம் உள்ளபடி சொல்லட்டும். டாக்டர் எடைபோட வேண்டியது இதைத்தான். கதை கட்ட வேண்டாம், உண்மையே போதுமான பாரம். அவளுக்கு 22 வயது, கையெழுத்து அவளுடையது. 18க்குக் கீழே என்றால்தான் அப்பா அம்மா வர வேண்டியிருக்கும். 16க்குக் கீழே என்றால் கதையே வேறு, பெண் சம்மதித்திருந்தாலும் அது பலாத்கார வழக்கு. அவன் அவளைக் கட்டாயப்படுத்தியிருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் அதற்கென்று தனி சேவை இருக்கிறது. 15999 என்ற தாலியான் காசிஹ் (அரசாங்க உதவித் தொலைபேசி) எண்ணுக்கும் எந்த நேரத்திலும் கூப்பிடலாம்.

நாம் பேசுவதெல்லாம் கலைப்பதைப் பற்றியே இருக்கிறது, அவளிடம் யாராவது கேட்டார்களா? உன் கடிதத்தில் அது இல்லை. பாவம் என்று நினைக்கிற பெண்களும் இருக்கிறார்கள், அந்த நினைப்பை நான் கேலி செய்ய மாட்டேன், அதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்தவர் அவசரத்துக்காகக் கலைத்தவர்கள் பிறகு படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று தெளிவாக முடிவெடுத்தவர்கள் நிம்மதியாக எழுந்து வேலைக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். பெற்றுக்கொள்கிறேன் என்றால் அவள் பெயரிலேயே குழந்தையைப் பதியலாம், அப்பன் பெயர் கட்டாயமில்லை. வளர்க்க முடியாது என்றால் சமூக நல இலாகா மூலம் முறையாகத் தத்துக் கொடுக்கலாம். மறைத்து மறைத்து மாதம் ஏறி, தனியாகப் பெற்று, பயத்தில் குழந்தையை எங்கேயாவது விட்டுவிடும் நிலைக்கு மட்டும் போகக் கூடாது. அதற்குச் சட்டத்தில் வேறு பிரிவுகள் இருக்கின்றன, அங்கே விதிவிலக்கும் இல்லை.

கலைத்து முடிந்த பிறகு ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய பேட் நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே நனைந்தால், காய்ச்சல் நின்றபாடில்லை என்றால், கெட்ட வாடை அடித்தால், மயக்கம் வந்தால், கிளினிக் திறக்கும் வரை காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போ. இதைப் படிப்பதற்குள் அவள் மாத்திரையைப் போட்டுவிட்டிருந்தாலும் இதேதான். என்ன போட்டாள், எப்போது போட்டாள் என்பதை டாக்டரிடம் மறைக்காதே, அதற்கேற்ற மாதிரிதான் அவர்கள் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்திலேயே மறுபடி கரு தங்கலாம், அதனால் தடுப்பு ஊசியோ மாத்திரையோ அன்றைக்கே கேட்டு வாங்கச் சொல்.

மாமியார் விஷயம். சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் அன்றைக்கு இரவு அவள் படுத்திருக்க ஓர் இடம் வேண்டும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலி இருக்கும், ரத்தம் போகும், ஒரே கூரைக்குக் கீழே இதை மறைப்பது கஷ்டம். முடிந்தால் ஷிஃப்டில் இரண்டு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) எழுதி வாங்கிக்கொண்டு, உன் அம்மா வீட்டுக்கோ அவளுடைய நம்பகமான தோழி வீட்டுக்கோ நீயும் கூடவே போய் இரு. எம்.சி.யில் காரணம் எழுத வேண்டாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஐசியும் (அடையாள அட்டை) தேதி குறித்த போனும் மறக்காமல் கையில் இருக்கட்டும்.