சோலார் தெருவிளக்கு இருட்டியதும் தானாக எரிவது எப்படி?

சுவிட்ச் போட ஆளில்லாமல் எப்படி எரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இருட்டை உணரத் தனியாக ஒரு சென்சார் இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல விளக்குகளில் மேலே இருக்கும் பேனலே அந்தக் கண். பகலெல்லாம் அது பேட்டரியை சார்ஜ் செய்யும். பொழுது சாய்ந்து பேனலின் வோல்டேஜ் இறங்கியதும், இருட்டிவிட்டது என்று கன்ட்ரோலர் (பேனல், பேட்டரி, விளக்கு மூன்றையும் கட்டுப்படுத்தும் கருவி) புரிந்துகொண்டு எல்இடியை எரியவிடும், விடிந்ததும் அணைத்துவிடும். இரவில் பேட்டரி மின்சாரம் பேனலுக்குத் திரும்பி ஓடாமல் பார்த்துக்கொள்வதும் அதே கன்ட்ரோலர்தான்.

கேபிள் புதைக்கப் பள்ளம் தோண்ட வேண்டாம், கரண்ட் பில்லும் இல்லை. புயலில் ஊரே இருண்டாலும் இது எரியும், என்னைக் கேட்டால் இதுதான் பெரிய பலன். ஆனால் பேனலை அவ்வப்போது கட்டாயம் துடையுங்கள். தூசியும் பறவை எச்சமும் படிந்தால் சார்ஜ் சரியாக ஏறாது, நள்ளிரவிலேயே விளக்கு மங்கிவிடும். அப்புறம், பழுதாகிவிட்டது என்று விளக்கையே மாற்றிவிடுவார்கள்.