ஹபிள் படங்களின் நிறம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டு ஹாலில் பல வருடமாக ஹபிள் தொலைநோக்கி எடுத்த 'படைப்பின் தூண்கள்' படம் மாட்டியிருக்கிறது. ஒன்பதாவது படிக்கும் மகன் எதையோ வாசித்துவிட்டு வந்து, "இது நிஜக் கலரே இல்லம்மா, எல்லாம் கம்ப்யூட்டர்ல பூசினது, பக்கத்துல போனா இப்படி இருக்காது" என்கிறான். மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இத்தனை நாள் நான் ரசித்தது வெறும் பூச்சைத்தானா?

கே.

அன்புள்ள கே.,

மகன் சொன்ன தகவல் சரி. ஆனால் அதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை.

ஹபிளின் கேமராக்கள் கருப்பு வெள்ளையில்தான் எடுக்கும். ஒரு ஃபில்டரைப் போட்டு குறிப்பிட்ட அலைநீளத்தில் வரும் ஒளியை மட்டும் உள்ளே விட்டு ஒரு படம், அப்புறம் ஃபில்டரை மாற்றி இன்னொன்று, இப்படி எடுத்தவற்றுக்குப் பூமியில் ஆளுக்கொரு நிறம் கொடுத்துச் சேர்க்கிறார்கள். உங்கள் வீட்டில் இருப்பது 1995 ஏப்ரல் 1 அன்று வானியலாளர்கள் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் எடுத்த படமாக இருக்க வேண்டும். சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் கழுகு நெபுலா என்ற வாயு, தூசி மேகத்தின் ஒரு பகுதி அது. கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று வைத்தார்கள். உண்மையில் ஹைட்ரஜன் ஒளி, கந்தக ஒளி இரண்டுமே சிவப்புதான், அதுவும் பக்கத்துப் பக்கத்துச் சிவப்பு. அப்படியே விட்டிருந்தால் எது எங்கே என்று எந்தக் கண்ணாலும் பிரித்திருக்க முடியாது. பிரித்து வைத்ததால்தான் அந்தப் படத்தை வாசிக்க முடிகிறது. ஆக்சிஜன் அப்படி ஒளிர்வதற்கு நிறைய ஆற்றல் வேண்டும், அதனால் நீலம் தூக்கலாகத் தெரிகிற இடமெல்லாம் சூடான இளம் நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர் நேராக வந்து அடிக்கும் இடம். கந்தகம் தூண்களின் விளிம்பை ஒட்டியே நிற்கும். தூண்களின் மேலிருந்து புகை மாதிரி கிளம்புகிறதே, அந்தக் கதிர் பட்டு வாயு ஆவியாகிக் கரைந்துகொண்டிருப்பதுதான் அது. சில முடிவுகள் பார்வைக்காக எடுத்தவை என்பதும் உண்மை. விண்வெளியில் மேல், கீழ் கிடையாது, அவை தூண்களாக நிமிர்ந்து நிற்பதே படத்தை எப்படித் திருப்பி வைத்தார்கள் என்பதால்தான்.

சரி, பக்கத்தில் போனால் எப்படி இருக்கும்? இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை. நெபுலா மாதிரி பரந்து கிடக்கும் ஒன்றை நெருங்க நெருங்க அதிலிருந்து நம் கண்ணுக்கு வரும் ஒளி கூடும், ஆனால் அதே அளவுக்கு அது தெரியும் பரப்பும் கூடிவிடும், ஆகவே மொத்தத்தில் அது பெரிதாகுமே தவிர பளிச்சென்று ஆகாது. கப்பலில் ஏறி வாசல் வரை போனாலும் மங்கலான சாம்பல் மூட்டம்தான் தெரியும், ஏனென்றால் மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஓரியன் என்ற விண்மீன் கூட்டத்தில் வரிசையாக இருக்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே பைனாகுலரைத் திருப்பிப் பாருங்கள், அங்கே இருக்கும் நெபுலா சாம்பலாகத்தான் இருக்கும். அதனால் கண்ணில் படுவதுதான் நிஜம் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தூண்களை யாருமே ஒருநாளும் பார்க்க முடியாது. ஹபிளின் 2.4 மீட்டர் அகலக் கண்ணாடியை வைத்துக்கொண்டு நிதானமாக ஒளியைச் சேகரித்தால்தான் அவை தெரியவே தெரியும்.

நிறத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன், ஆனால் ஹபிள் எடுத்ததிலேயே என்னை அதிகம் உலுக்கியது வேறொரு படம், அதில் தூணும் இல்லை, புகையும் இல்லை. 1995 டிசம்பரில் ஹபிளை நடத்தும் விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ராபர்ட் வில்லியம்ஸ், இயக்குநருக்கென்று ஒதுக்கப்பட்ட நேரத்தைக் கொண்டுபோய், நம்மூரில் சப்தரிஷி மண்டலம் என்கிறோமே, அந்தப் பக்கத்தில் ஒன்றுமே இல்லாத ஒரு சின்ன இடத்தில் கொட்டினார். எட்டு மீட்டர் தள்ளி ஓர் அரிசியைப் பிடித்தால் வானத்தில் எவ்வளவு மறைக்குமோ அவ்வளவு இடம். பலர் வேண்டாம் என்றார்கள். ஹபிளுக்காகப் பல வருடம் வாதாடிய ஜான் பாக்கால் போன்றவர்களே, இதில் புதிதாக ஒன்றும் பெரிதாகத் தெரியாது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். 1990இல் ஏவியதும் கண்ணாடியின் வளைவில் பிழை இருப்பது தெரிந்து, 1993இல் விண்வெளி வீரர்கள் மேலே போய்ச் சரிசெய்து, ஹபிள் மீதான கேலி அப்போதுதான் அடங்கியிருந்தது. இன்னொரு தோல்விக்கு இடமே இல்லாத நேரம்! பத்து நாள், 342 படங்கள். சேர்த்துப் பார்த்தால் அந்த அரிசிக்குள் சுமார் 3,000 விண்மீன் மண்டலங்கள் (கேலக்ஸிகள்). வில்லியம்ஸ் அதைத் தன் குழுவுக்கென்று பொத்தி வைக்காமல் உடனே எல்லோருக்கும் திறந்துவிட்டார். எனக்கு அந்தப் படத்தின் அழகில் இந்தத் துணிவும் இந்தத் தாராளமும் சேர்ந்தேதான் இருக்கின்றன, பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

படத்தைக் கழற்ற வேண்டாம். மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஹபிளின் மூலப் படங்கள் இணையத்தில் மாஸ்ட் என்ற காப்பகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைத் திறக்க ஃபிட்ஸ் லிபரேட்டர் என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது. கழுகு நெபுலாவின் மூன்று கருப்பு வெள்ளைப் படங்களை இறக்கி, அவனே நிறம் கொடுத்துச் சேர்க்கட்டும். முதலில் ஹைட்ரஜனுக்கும் கந்தகத்துக்கும் சிவப்பையே கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு பிரிக்கட்டும். 1995 படத்தையே எடுத்தால் ஒரு மூலை படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டு இருக்கும், பயப்பட வேண்டாம்: அந்தக் கேமராவில் இருந்த நான்கு பகுதிகளில் ஒன்று மட்டும் இன்னும் நுணுக்கமாக, சின்னப் பரப்பைப் படமெடுத்தது, மற்றவற்றின் அளவுக்குச் சுருக்கும்போது அந்த மூலையில் இடம் காலியாகிவிடும். அவன் சேர்த்த படத்தை எனக்கும் அனுப்புங்கள்.