எக்செல்லில் தொகைக்கு முன்னால் ரிம போட்டால் கூட்டல் 0 வருகிறதே, ஏன்?

நீங்கள் கேட்டது இது: செம்பனை வெட்டுக்கூலிக் கணக்கை எக்செல்லில் போடுகிறீர்கள். ஒவ்வொரு தொகைக்கு முன்னாலும் ரிம (ரிங்கிட் மலேசியா) சேர்த்த பிறகு கூட்டல் 0 என்று நிற்கிறது. முன்பணம் மாதிரிப் பிடித்தங்கள் சிவப்பில், அடைப்புக்குறிக்குள் வரவேண்டும். தோட்டக் கிராணியாக (எழுத்தராக) இருப்பீர்கள், அல்லது குத்தகையாளரிடம் கணக்கு எழுதுபவராக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

செல்லுக்குள் ரிம என்று தட்டச்சு செய்யவே கூடாது. செய்தால் அந்தத் தொகை எண்ணாக இல்லாமல் வெறும் எழுத்தாகிவிடும். சம் சூத்திரம் எழுத்தைக் கண்டால் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், எச்சரிக்கை எதுவும் தராது. எல்லா வரியும் எழுத்தாக இருந்து 0 வந்தது உங்கள் நல்ல நேரம். பாதி வரி மட்டும் அப்படி இருந்திருந்தால் நம்பும்படியான ஒரு குறைந்த தொகை வந்திருக்கும், அதை வைத்தே சம்பளமும் போயிருக்கும். ஒரே ஃபைல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சரியாகவும் வீட்டு லேப்டாப்பில் தப்பாகவும் நடந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸில் நாடு மலேசியா என்று இருந்தால், ஆங்கில எழுத்தில் எண்ணோடு ஒட்டி அடித்த ஆர்எம் குறியை எக்செல் பணமாகப் புரிந்துகொள்ளும். புது லேப்டாப் பெரும்பாலும் அமெரிக்க அமைப்போடு வரும். அங்கே அடித்தால் அதே ஆர்எம் வெறும் எழுத்து.

முதலில் பழைய வரிகளைச் சுத்தம் செய்யுங்கள். பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + எச் அழுத்தி, தேடும் இடத்தில் ரிம, மாற்றும் இடத்தில் ஒன்றுமில்லாமல் விட்டு, எல்லாவற்றையும் மாற்றுங்கள். எண் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். நீங்களாக அலைன்மெண்ட் கொடுத்திருந்தால் அதை எடுத்துவிட்டால் எது தவறு என்று கண்ணுக்கே தெரியும். வங்கிப் பக்கத்திலிருந்து ஒட்டிய தொகைகள் அதற்குப் பிறகும் அடம்பிடிக்கலாம். அவற்றில் ஸ்பேஸ் மாதிரியே இருக்கும் 160ஆம் எழுத்து ஒளிந்திருக்கும். தொகை சி2இல் இருந்தால், பக்கத்துப் பத்தியில் =வேல்யூ(சப்ஸ்டிட்யூட்(சி2,சார்(160),"")) என்று போட்டு இழுத்துவிட்டு, வந்த மதிப்புகளை மட்டும் மீண்டும் ஒட்டுங்கள். (சூத்திரப் பெயர்களையும் செல் எழுத்துகளையும் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்.)

இனி ஃபார்மட். பத்தியைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + 1, நம்பர் பக்கத்தில் கடைசியாக இருக்கும் கஸ்டம். டைப் பெட்டியில் இதை எழுதுங்கள்:

"ரிம"* #,##0.00_);"ரிம"* (#,##0.00);"ரிம"* "-"??_);@

அரைப்புள்ளிகள் நான்கு பகுதிகளாகப் பிரிக்கின்றன: கூடுதல் (0க்கு மேல்), கழிவு (0க்குக் கீழ்), பூஜ்ஜியம், எழுத்து. நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் இருப்பதைக் கவனியுங்கள். நட்சத்திரம் தனக்கு அடுத்த எழுத்தைச் செல் நிறையும்வரை நிரப்பும். அதனால்தான் ரிம இடப்பக்க ஓரத்திலும் எண் வலப்பக்கத்திலும் நிற்கும். அந்த ஸ்பேஸை விட்டுவிட்டால் # குறியையே நிரப்பியாக எடுத்துக்கொள்ளும். அடிக்கோடும் மூடும் அடைப்பும் சேர்ந்த _) அந்த அடைப்பின் அகலத்துக்கு வெற்றிடம் விடுகிறது, அடைப்புக்குள் இருக்கும் கழிவுத் தொகையின் புள்ளியும் மற்றவற்றின் புள்ளியும் ஒரே நேர்கோட்டில் விழுவதற்காக. சிவப்பு வேண்டுமென்றால் இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில், சதுர அடைப்புக்குள், சிவப்புக்கான ஆங்கிலச் சொல்லை எழுதுங்கள். ஆனால் சிவப்பை மட்டும் நம்பாதீர்கள். கறுப்பு வெள்ளை பிரிண்டரில் அது காணாமல் போகும், அடைப்புக்குறிதான் காப்பாற்றும்.

ஆங்கிலத்தில் ஆர்எம் போடுபவர்களுக்கு மேற்கோள் கட்டாயம், எம் என்ற எழுத்து ஃபார்மட்டில் மாதத்துக்கான குறி. மேற்கோளைப் போனிலிருந்து நகலெடுத்து ஒட்டாதீர்கள்; வாட்ஸ்அப் வழியாக வரும்போது அது வளைந்த மேற்கோளாக மாறியிருக்கலாம், எக்செல் அதை மேற்கோளாகவே மதிக்காது. செல்லில் #### வந்தால் பத்தி குறுகல், அவ்வளவுதான்.

அக்கவுண்டிங் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் முடிகிற வேலைக்கு இத்தனை வியாக்கியானமா என்று கேட்பவர்கள் வருவார்கள். தட்டலாம். ஆனால் அந்தப் பொத்தான் தரும் குறி அந்தந்தக் கம்ப்யூட்டரின் நாட்டு அமைப்பைப் பொறுத்தது, வேறொருவர் திறந்தால் வெள்ளி (ரிங்கிட்) டாலராகிவிடக் கூடும். மேற்கோளுக்குள் நாமே எழுதிய ரிம எங்கே திறந்தாலும் ரிமதான்.

இதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை. ஃபார்மட் தோற்றத்தை மட்டும்தான் மாற்றும், உள்ளே இருக்கும் எண்ணைத் தொடாது. டன்னுக்கு 45.50 வெள்ளி கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மூன்று வரிகள்: 0.415 டன்னுக்கு 18.8825, 0.375 டன்னுக்கு 17.0625, 0.535 டன்னுக்கு 24.3425. செல்லில் தெரிவது 18.88, 17.06, 24.34. கையால் கூட்டினால் 60.28. எக்செல் உள்ளே இருப்பதைக் கூட்டி 60.29 என்று காட்டும். ஒரு சென்தானே என்று விட்டால், கால்குலேட்டரோடு நிற்கும் ஆளிடம் பதில் சொல்ல முடியாது. டன் பி2இலும் டன்னுக்கான கூலி சி2இலும் இருந்தால், ஒவ்வொரு வரியிலும் =ரவுண்ட்(பி2*சி2,2) என்று போடுங்கள், பிறகு கூட்டுங்கள். தெரிவதையே உண்மையாக்கு என்கிற மாதிரி ஓர் அமைப்பு ஆப்ஷன்ஸில் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள், அந்த ஃபைலில் இருக்கும் எண்களின் மிச்சத் தசமங்களை நிரந்தரமாக அழித்துவிடும்.

ரொக்கமாகக் கொடுத்தால் இன்னொரு படி உண்டு. 2008 ஏப்ரல் 1 முதல் மலேசியாவில் ரொக்கக் கணக்கு அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிசெய்யப்படுகிறது. இறுதித் தொகை டி10இல் இருந்தால் =ரவுண்ட்(டி10*20,0)/20 போதும்; 60.28 என்பது 60.30 ஆகும். ஆளாளுக்குக் கொடுக்கும் இறுதித் தொகைக்கு மட்டும் இதைச் செய்யுங்கள், வரிக்கு வரி செய்தால் கணக்கு தடம் மாறும். வங்கியில் போடும் தொகைக்கு இது தேவையே இல்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இன்றும் சிலர் கொடுக்கும் கூலிச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கிறது. எத்தனை டன், டன்னுக்கு என்ன விலை, எதற்குப் பிடித்தம் என்று ஒரு வரி கிடையாது. வெயிலில் குலை வெட்டி, முள் குத்தி, சுமந்து கொண்டுவந்து சேர்த்த மனிதருக்குத் தன் கணக்கைத் தானே சரிபார்க்கும் உரிமை இருக்கிறது. ஃபார்மட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த மூன்று பத்திகள் இல்லாத சீட்டு எனக்குச் சீட்டே அல்ல. கணக்கு எழுதுபவர் நினைத்தால் இதைச் செய்யலாம், டவுக்கேயின் (முதலாளியின்) அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

கடைசியாக, சம்பளத்தை மொத்தமாக வங்கிக்கு ஏற்றுவதற்கு சிஎஸ்வி ஃபைல் (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) தயாரிப்பதாக இருந்தால், மேலே சொன்ன ஃபார்மட்டோடு சேமிக்காதீர்கள். சிஎஸ்வியில் போவது செல்லில் தெரிவதுதான். ரிம, காற்புள்ளி, அடைப்புக்குறி எல்லாமே சேர்ந்து போய் ஏற்றும்போது அடிபடும். ஷீட்டை நகலெடுத்து, அதில் தொகைப் பத்திக்கு 0.00 மட்டும் கொடுத்துச் சேமியுங்கள். கணக்கு எண் பத்தியை, எண்களை அடிப்பதற்கு முன்பே டெக்ஸ்ட் ஆக்குங்கள். இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் 0 பறிபோகும், நீளமான எண்ணில் 15 இலக்கத்துக்குப் பின்னால் வரும் இலக்கங்கள் 0 ஆகிவிடும். சிஎஸ்வியைச் சேமித்த பிறகு எக்செல்லில் திறந்து பார்த்தால் இதே கோளாறு திரும்ப வரும், அதனால் நோட்பேடில் திறந்து சரிபாருங்கள்.