எலும்பு முறிவுக்குப் போட்ட மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் முழங்கால் ஏன் மடங்க மறுக்கிறது?

இதற்குப் பெயர் மூட்டு இறுக்கம். எலும்பு கூடியிருக்கும், ஆனால் ஆறு வாரம் அசையாமல் கிடந்ததில் மூட்டைச் சுற்றியுள்ள உறை சுருங்கி, திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தொடைத் தசையும் மெலிந்திருக்கும். நனைந்து காய்ந்த தோல் செருப்பு மாதிரிதான்: கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தால் இளகும், வெடுக்கென்று மடக்கினால் கிழியும்.

மருத்துவர் அசைக்க அனுமதித்த பின், மல்லாந்து படுத்து, குதிகாலுக்கு அடியில் வழுக்கும் துணி வைத்து, குதிகாலைப் பிட்டத்தை நோக்கி மெல்ல இழுங்கள். 5 நொடி நிறுத்தி, நீட்டுங்கள். 10 முறை, நாளுக்கு 3 வேளை. மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் வந்தால் அது பயிற்சி வலியல்ல, இரத்தக் குழாய்க்குள் இரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம், உடனே மருத்துவமனை.

மடக்குவதிலேயே குறியாக இருந்து நீட்டுவதை மறப்பவர்கள்தான் அதிகம். முழங்காலுக்கு அடியில் தலையணை சுகமாக இருக்கும், ஆனால் கால் வளைந்தபடியே இறுகிவிடும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

‘வலிக்க வலிக்க மடக்கினால் சீக்கிரம் சரியாகும்’ என்பது தவறு: அந்த வலி வீக்கத்தைக் கூட்டி, தொடைத் தசையைச் செயலிழக்கச் செய்து, இறுக்கத்தையே நீட்டிக்கும்.