வெயிலடிக்கும் நாளில்கூடப் பனிச்சரிவு வருகிறதே, ஏன்?

மலைச்சரிவில் படிந்த பனி பாளமாகப் பெயர்ந்து இறங்குவதே பனிச்சரிவு. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. கடுங்குளிரில் சில அடுக்குகள் சர்க்கரைபோல உதிரியாகிவிடும். அதன்மேல் காற்று இறுக்கிய கெட்டிப்பனி ஏறினால் ஆபத்து.

எங்கள் காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீட்டுச் சுவரைத் தட்டிப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த மேல்பூச்சு இன்னும் பளபளக்கும். உள்பூச்சோடு பிடிப்பு விட்டிருந்தால் மட்டும் ‘டொப்’பென்று கேட்கும். ஒருநாள் பாளமாக விழும். மலையிலும் அப்படித்தான், வெளியே ஒன்றும் தெரியாது. 30 முதல் 45 பாகைச் சரிவில் ஒரு ஆள் பாரமே போதும். காஷ்மீரின் பனிச்சறுக்குத் தலமான குல்மார்க் போகிறவர்கள் அன்றைய எச்சரிக்கையைப் பார்க்காமல் தடம் விலகிப் போகாதீர்கள், தயவுசெய்து.

கத்தினால் பனி சரியும் என்பது தவறு. சிக்கியவரோ கூட வந்தவரோ மிதித்த பாரம்தான் பெரும்பாலும் அதை உடைக்கிறது.