டர்பன்ல இருந்து அப்பா அம்மாவ எந்த சஃபாரி பார்க்குக்கு கூட்டிட்டு போகலாம்?

ஊர்ல இருந்து அப்பா அம்மா வராங்க, தென்னாப்பிரிக்காவோட பெரிய சஃபாரி பார்க்கான க்ரூகர் டர்பன்ல இருந்து ரொம்ப தூரம், பக்கத்துல எங்க போகலாம்னு கேட்டிருக்கீங்க. யோசிக்காம ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி பார்க்குக்கு போங்க. என்2 ரோட்டுல வடக்க ஒரு மூணு மணி நேரம் தான், 1895-லயே காப்பகமா அறிவிச்ச இடம், தெற்கு வெள்ளை காண்டாமிருகம் அழியாம தப்பிச்சதே இங்க தான், 1960-கள்ல இங்க இருந்து பிடிச்சு மத்த பார்க்குகளுக்கு அனுப்பித்தான் அந்த இனமே பெருகுச்சு.

ஜூன்-ஆகஸ்ட் பெஸ்ட், இங்க அப்ப தான் குளிர்காலம். புல்லு காஞ்சு கிடக்கும், மிருகங்க தண்ணிக்கு ஆத்துப் பக்கம் வரும், கேட் திறக்கும்போதே உள்ள போயிடுங்க, குளிரும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் கண்டிப்பா வேணும். யானை காதை விரிச்சு தலைய ஆட்டுச்சுன்னா ஹாரன் அடிக்காம மெதுவா ரிவர்ஸ் எடுங்க. மழைக்காலத்துல போனீங்கன்னா ரோட்டுல கிடக்கிற சாணி மேல தயவுசெஞ்சு வண்டிய ஏத்தாதீங்க, அதுக்குள்ள சாணி வண்டு நிறைய இருக்கும்.